மதினியின் ஈ டிரைவ்

2001-ஆம் வருஷம், ஆடி மாதம். மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. நான் அப்போது எம்.சி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்த வயது.

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தது அவர்தான். அண்ணனுக்கு ஆபீஸ் வேலைக்கு வேண்டும், மதினிக்கு டைப்பிங் வேலைக்கு வேண்டும், எனக்குப் படிப்புக்கு வேண்டும் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டதால் மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று. மெஷினை அசெம்பிள் செய்ய வந்தவர் அண்ணனின் சிநேகிதர். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததுமே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, ஹார்டு டிஸ்க்கு இருபது ஜி.பி.ன்னு சொன்னீகள்ல? நாலா வகுத்துருங்க. சி பொது. புறம்போக்கு மாதிரி, அதுல யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது. டி பெரியவனுக்கு, ஈ மருமகளுக்கு, எஃப் சின்னவளுக்கு. எல்லாம் ஒரே அளவா இருக்கணும். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறையன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது."

அவரும் சிரித்துக்கொண்டே அப்படியே வகுத்துக் கொடுத்தார். ஒரு எம்.பி. கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. ஊரில் எத்தனையோ வீட்டு வரப்புத் தகராறைப் பார்த்த மனுஷர். தன் வீட்டில் எதற்கும் சண்டை வரக் கூடாது என்று நினைத்தார். எனக்கு அந்தச் சமத்துவமே வினையாகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த செமஸ்டர் பிராஜெக்டை, விண்டோஸுக்குப் பதிலாக மெஷினை ஓட்டும் லினக்ஸில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். லேபில் லினக்ஸ் போட்ட மெஷின் நாலே நாலு. அதற்கு அறுபது பேர். கீபோர்டைத் தொடவே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி. ஒன்று கைக்குக் கிடைத்தது. எப்படிப் போடுவது என்று விளக்கும் பதினாறு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டில் என் பங்கான எஃப்-இல் போட்டுவிட்டால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. யாரிடமும் கேட்கவும் வேண்டியதில்லை. என் இடம், என் இஷ்டம்.

இந்த இடத்தில் மதினியின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரஸ்காரர்களுக்கு அழைப்பிதழ் டைப் செய்து, வடிவமைத்துக் கொடுப்பார். அதுவரை சின்னச் சின்ன வேலைதான். அந்த மாதம்தான் முதல் பெரிய வேலை வந்திருந்தது. எழுமலையில் ஒரு வீட்டுக் காதணி விழா. இதைச் சரியாக முடித்தால் ஆவணி முகூர்த்த அழைப்பிதழ்கள் மொத்தத்தையும் தருகிறேன் என்று பிரஸ்காரர் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்துக் காதணி விழா அழைப்பிதழைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பத்திரிகை இல்லை, வாக்காளர் பட்டியல். அதில் நூற்றெண்பது பெயர். தாய்மாமன்கள் மட்டும் ஐந்து பேர். யார் பெயர் முதலில் என்பது சாதாரண விஷயமா? முதல் பெயர்க்காரர் மடியில்தான் பிள்ளையை உட்கார வைப்பார்கள். வயதில் மூத்தவர் ஒருவர், சீர் அதிகம் செய்கிறவர் ஒருவர், ஊரில் செல்வாக்கு உள்ளவர் இன்னொருவர். மூன்று வாரம் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்து, மதினி பக்கத்தில் உட்கார்ந்து, பெயரை மேலே ஏற்று, கீழே இறக்கு என்று உயிரை எடுத்தார்கள். எடுத்த புரூஃபை எல்லாம் ஆளாளுக்கு அடித்துத் திருத்திக் கிழித்தும் போட்டார்கள். கடைசியில் மதினியே ஒரு வழி கண்டுபிடித்தார். நடுவில் பிள்ளையார், அவரைச் சுற்றி வட்டமாக ஐந்து மாமன்மார் பெயர். யாரும் முதல் இல்லை, யாரும் கடைசி இல்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சாய்த்துத் திருப்பி அந்த வட்டத்தைப் போட அவருக்கு நாலு நாள் பிடித்தது. ஐந்து பேரும் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை ஃப்ளாப்பிகளில் ஏற்றி பிரஸ்ஸுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய சனிக்கிழமை. மதினி ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார். அண்ணன் ஆபீஸ். அப்பா கரண்ட் பில் கட்டப் போனவர், வழியில் யாராவது கிடைத்தால் சாயங்காலம்தான் வருவார். காலை பத்து மணிக்கு நான் சி.டி.யைப் போட்டேன்.

எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. அதைப் பார்த்ததுமே எரிச்சல். சி, டி, ஈ, எஃப் என்ற எழுத்தே இல்லை. எச்.டி.ஏ. ஒன்று, எச்.டி.ஏ. இரண்டு, அப்புறம் நேராக ஐந்து, ஆறு, ஏழு. மூன்றும் நாலும் எங்கே போய்த் தொலைந்தன? ஜெராக்ஸில் அந்தப் பக்கம் பாதி கறுப்பாக விழுந்திருந்தது. அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அப்பாவின் புண்ணியத்தில் எல்லாம் ஒரே அளவு. இரண்டாவது வரியில் மட்டும் ஏதோ பெரிய எண்.

நான் என் மூளையைப் போட்டேன். மொத்தம் ஐந்து வரி. விண்டோஸில் 'மை கம்ப்யூட்டர்' திறந்தாலும் ஐந்துதான்: சி, டி, ஈ, எஃப், கடைசியாக சி.டி. டிரைவ். அப்படியானால் நாலாவது வரிதான் எஃப். என் இடம். சி.டி.க்கு எப்படி ஐந்து ஜி.பி. இருக்கும், இரண்டாவது வரி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. முக்கியமானதை முந்தின நாளே ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தேன். பாட்டு ஃபோல்டர் போனால் போகட்டும் என்று தாராளமாகச் சம்மதம் கொடுத்தேன்.

முக்கால் மணி நேரம் கடகடவென்று ஓடியது. அவசரத்துக்கு ஒரு ஃப்ளாப்பி தயார் செய்துகொள்கிறாயா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. கறுப்புத் திரை. இடது மூலையில் 'எல்', 'ஐ' என்று இரண்டே இரண்டு ஆங்கில எழுத்து. அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டது. தட்டினேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். அதே இரண்டு எழுத்து. லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை.

சரி, எங்கோ தப்பு என்று முதலிலிருந்து மறுபடி போட்டேன். பாதியில் கரண்ட் போனது. அரை மணி கழித்து வந்தது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அதே இரண்டு எழுத்து. மூன்றாவது முறை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துப் படித்துப் போட்டேன். மறுபடியும் அதே! அந்தத் திரையை ஒரு அறை அறைந்தால் என்ன என்று இருந்தது. மத்தியானம் சோறுகூடத் தின்னவில்லை.

பிறகுதான் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தி கண்ணில் பட்டது. மெஷினை எழுப்பிவிடும் பகுதி டிஸ்க்கின் முன்பக்கத்தில்தான் இருக்க வேண்டுமாம். பின்பக்கம் போட்டால் சில மெஷின்களால் அதை எட்ட முடியாதாம். இதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டால் இவர்களுக்கு என்ன கேடு? கடைக்குட்டி என்று எனக்குக் கடைசிப் பங்கு கொடுத்த அப்பாவையும் சேர்த்துத் திட்டினேன்.

லினக்ஸ் ஆசை விட்டுப்போனது. விண்டோஸாவது எழுந்தால் போதும். அசெம்பிள் செய்தவர் கொடுத்திருந்த ஃப்ளாப்பியைப் போட்டு, ஜெராக்ஸில் இருந்த ஒரு கட்டளையை அடித்தேன். மூன்றரை மணிக்கு விண்டோஸ் வந்தது. அந்த நீல மேகத்தைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. 'மை கம்ப்யூட்டர்' திறந்தேன். சி இருந்தது, டி இருந்தது, ஈ இருந்தது. எஃப்-ஐக் காணோம். என் இடம்தானே போனது, மற்றவர்களுடையது பத்திரம் என்று மெஷினை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ஈ-யைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மதினி வந்தார். ஐந்து மாமன்மாரில் ஒருவர் போன் செய்து, தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடச் சொல்லியிருந்தாராம். கட்டியிருந்த பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்க வந்து பாரு. என் ஈ-ல உன் சாமான் கிடக்கு."

எட்டிப் பார்த்தேன். அழிந்துவிட்டதாக நான் நினைத்த பாட்டு ஃபோல்டர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. என் சி புரோகிராம்கள், என் அசைன்மென்ட், எல்லாம். மதினியின் ஃபைல் ஒன்றுகூட இல்லை. நான் அழித்தது மதினியின் இடத்தை. அது காணாமல் போனதால் என் எஃப் ஓர் எழுத்து முன்னே நகர்ந்து ஈ ஆகியிருக்கிறது.

"என்னத்தா ஆச்சு?" என்றார்.

"வைரஸா இருக்கும் மதினி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாயில் வந்தது. ஆனால் மதினி அதை அப்படியே நம்பினார். வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான்தானே. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பிரஸ்ஸுல இருந்து நேத்து ஒரு ஃப்ளாப்பி கொண்டாந்து போட்டேன். அதுலதான் வந்துருக்கும். என்னாலதான் எல்லாம் போச்சு."

அண்ணன் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் பங்குக்குக் கத்தினார். "கண்ட ஃப்ளாப்பியையும் போடாத போடாதன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்!" அன்று ராத்திரி மதினி சாப்பிடவில்லை. படுக்கப் போகும் முன் என்னிடம் வந்து, "உன் படிப்பு சாமானாவது தப்பிச்சுச்சே, அதுவும் போயிருந்தா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அசெம்பிள் செய்த அண்ணனின் சிநேகிதர் வந்தார். ஐந்து நிமிஷம் பார்த்தார். மதினி காபி போட உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் கேட்டார்.

"பாப்பா, லினக்ஸ் போட்டியா?"

தலையை ஆட்டினேன். நாலாவது வரி எஃப் என்று எண்ணிய கதையைச் சொன்னேன்.

"ரெண்டாவது வரி இடமே இல்ல பாப்பா. மத்த மூணு இடத்தையும் சுத்திப் போட்ட வேலி அது. அதையும் ஒரு இடமா எண்ணிட்ட. சரி, எத்தன தடவ போட்ட?"

"மூணு தடவண்ணே."

"ஒரு தடவையோட நிப்பாட்டியிருந்தாக்கூட ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம். மூணு தடவ உழுது போட்டியே!" என்றவர் எழுந்தார். "நான் யார்ட்டயும் சொல்லல. நீயே சொல்லிரு."

காபி கொண்டுவந்த மதினியிடம், "எடுக்க முடியாது தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதினி முகத்தைக் கழுவினார், பையை எடுத்தார்.

"நான் எழுமலைக்குப் போறேன் மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். "தப்பு என்னோடது. நேர்ல போய்ச் சொல்லி, பேரெல்லாம் மறுபடி எழுதிட்டு வாரேன்." துணைக்கு என்னைப் போகச் சொன்னார் அப்பா.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, எழுமலை போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உசிலம்பட்டி வந்ததும் சொல்லலாம் என்றேன், அடுத்த பஸ் ஏறியதும் என்றேன். மதினியோ பக்கத்தில் உட்கார்ந்து, நினைவிலிருந்த பெயர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

விசேஷ வீட்டில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாமன்மாரில் மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். மதினி நின்றுகொண்டே சொன்னார். கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து எல்லாம் போய்விட்டது, கவனமில்லாமல் இருந்தது தன் தப்பு, பெயர்களை மறுபடி சொன்னால் இரண்டு நாளில் முடித்துவிடுகிறேன் என்றார்.

மூத்த மாமன் எழுந்துவிட்டார். "மூணு வாரம் அலஞ்சது தண்டமா? அந்த வட்டத்துக்கு எல்லாரையும் ஒத்துக்க வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? பொம்பளப் புள்ள வீட்டுல உக்காந்து செய்யிற வேலைய நம்பிக் குடுத்தா இப்படித்தான். பிரஸ்ஸுல வச்சே செய்யச் சொல்லியிருக்கணும்."

மதினி தலையைக் குனிந்தார். "இல்லண்ணே, மன்னிச்சுக்கங்க" என்றார்.

"வைரஸ் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "மதினி மேல தப்பு இல்ல. அவுக வீட்டுல இல்லாதப்ப நான் வேற ஒண்ண ஏத்தப் போயி, அவுக இடத்த அழிச்சுட்டேன். அவுகளுக்கே தெரியாது. நான் சொல்லல."

பந்தல்காரர் முதற்கொண்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன படிக்கிறாய் என்று மூத்த மாமன் கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். அந்த வீடே சிரித்தது. "கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளயே கம்ப்யூட்டர அழிச்சிருக்கு!" என்று ஒருவர் சொல்ல, இன்னும் சிரித்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனாவை எடுத்தார், இரண்டையும் என் கையில் கொடுத்தார்.

"எழுது" என்றார்.

எழுதினேன். சாயங்காலம் நாலரை மணி வரை எழுதினேன். சிரித்ததில் கோபம் இறங்கியிருந்தது என்றாலும் பெயர்ச் சண்டை இறங்கவில்லை. ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் அடிக்கச் சொன்னார். மூன்று வாரம் மதினி பட்ட பாட்டில் ஒரு மத்தியானத்தை நான் பட்டேன். எனக்குத் தாகமெடுத்தபோது தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார் மதினி. அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். "மன்னிச்சுருங்க மதினி. தெரியாம அழிச்சுட்டேன்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழிச்சது போகுது, விடு. நானும்தான் எத்தனையோ தடவ தப்பா டெலீட் பண்ணிருக்கேன். நேத்து சாயங்காலத்துல இருந்து நான் என்னையவே திட்டிக்கிட்டுக் கிடந்தேன். உங்கண்ணன் திட்டுனப்ப, சரிதான, நம்ம மேலதான தப்புன்னு கேட்டுக்கிட்டேன். நீ பக்கத்துலயேதான இருந்த?"

மதுரை வந்து சேரும் வரை அழுதுகொண்டே வந்தேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம் என்று அப்போதே பட்டது.

திங்களும் செவ்வாயும் நான் காலேஜுக்குப் போகாமல் நூற்றெண்பது பெயரையும் டைப் செய்தேன். வட்டத்தை மதினி மறுபடி முதலிலிருந்து போட்டார். அழைப்பிதழ் இரண்டு நாள் தாமதமாக வெளிவந்தது. எழுமலைக்காரர்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பிரஸ்காரர் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டார். அந்த ஆவணி முகூர்த்த வேலைகளெல்லாம் வேறு ஆளுக்குப் போயின. மதினி மறுபடி ஒரு பெரிய வேலையைப் பிடிக்க மேலும் ஒரு வருஷம் ஆனது. என் பிராஜெக்டை நான் லேபில் வரிசையில் நின்றேதான் முடித்தேன்.

இப்போது எனக்கு ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தினமும் லினக்ஸோடுதான் பிழைப்பு. பட்டியலை எத்தனை முறை சரிபார்த்தாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தப்பு நடக்கத்தான் செய்கிறது. நடந்த அடுத்த நிமிஷமே எழுந்து நின்று, செய்தது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். நேர்மை என்று மற்றவர்கள் பாராட்டுகிறார்கள். என் தப்புக்காக எங்கோ ஒருவர் சாப்பிடாமல் தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பாரோ என்ற பயம்தான் அது என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.